விசாரணையும் விசாரிப்பும்: தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் இளையோரும் மருத்துவத்தின் கேள்விகளும்

1

1996 ஆகஸ்ட் மாதத்து இரவொன்றில் என் அக்காள் மகளை ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஆட்டோவில் கொண்டுசேர்த்தோம். அவளுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். தன் கையைத் தானே காயப்படுத்திக்கொண்டிருந்தாள். அது முதல் தடவை அல்ல என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வழியெல்லாம் அக்கா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: "தம்பி, தவறி விழுந்துட்டான்னு சொல்லிடுடா. போலீஸ் கேஸாயிடும். நாளைக்கு அவளுக்கு ஒரு எடம் பாக்க முடியாது." சொன்னேன். டியூட்டி டாக்டர் நம்பவில்லை. ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதினார். ஏட்டு ஒருவர் வந்து கட்டிலருகே நின்றார். "ஏம்மா, எதுக்கு இப்படிப் பண்ணினே? எவனாவது பின்னால சுத்துறானா?" அவள் வாயே திறக்கவில்லை. தையல் போட்டவர் மரத்துப்போகும் ஊசி போடவில்லை. "வலி தெரிஞ்சாத்தான் மறுபடி செய்யமாட்டா" என்றார், அக்காவைப் பார்த்து, ஒரு யோசனை சொல்வதுபோல. காலையில் அனுப்பிவிட்டார்கள். மனநல மருத்துவர் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அந்த மாதத்தில் நான் மிஷல் ஃபூக்கோ பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். மருத்துவத்தின் பார்வை எவ்வாறு உடலைத் தன் அதிகாரக் களமாக்குகிறது என்பது அதன் பொருள். மருத்துவமனையிலிருந்து திரும்பி அந்தத் தாள்களின் முன் உட்கார்ந்தபோது, நான் பார்த்ததை அந்தக் கட்டுரை மிகச் சரியாகவே விளக்குகிறது என்று தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணை அடுத்து எங்கே அழைத்துப் போவது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பற்றித்தான் இக்கட்டுரை. அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்று அவள் நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

தமிழில் ‘விசாரணை’ என்றால் காவல் நிலையம், நீதிமன்றம், கமிஷன். அதே வேரிலிருந்து வரும் ‘விசாரிப்பது’ என்பதோ வேறு. ஊருக்குப் போனால் பெரியவர்களை விசாரிக்கிறோம். "அம்மாவை விசாரிச்சதாச் சொல்லு" என்கிறோம். இரண்டிலும் ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் சொல்கிறார். முன்னதில் பதில் கேட்பவருக்குப் பயன்படுகிறது. பின்னதில் கேட்பதே சொல்பவருக்கு ஒரு துணையாகிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் இளையோரை மருத்துவம் எதிர்கொண்ட வரலாற்றை, இந்த இரு சொற்களுக்கு நடுவே நடந்த இழுபறியாக வாசிக்க முடியும் என்பது என் எண்ணம்.

2

முதலில் சட்டம். இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் தற்கொலை என்பது தனக்கு எதிராகத் தானே செய்யும் பாதகம். இறந்தவனின் உடைமைகள் அரசுக்குப் போகும். முயன்று பிழைத்தவனும் குற்றவாளியே. 19ஆம் நூற்றாண்டில் சொத்துப் பறிமுதல் ஒழிந்தது. பிழைத்தவர்மீதான குற்றம் மட்டும் 1961ஆம் ஆண்டின் தற்கொலைச் சட்டம் வரும்வரை நீடித்தது. அதுவரை மருத்துவமனைக் கட்டிலருகே காவலர் உட்கார்ந்திருப்பது இங்கிலாந்தில் புதுமையான காட்சி அல்ல.

இந்தக் காவலரைத்தான் ஆங்கிலேயர் கப்பலேற்றி இங்கே அனுப்பிவைத்தார்கள். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயல்பவருக்கு ஓராண்டுவரை சிறை என்றது. தங்கள் ஊரில் 1961இல் நீக்கிக்கொண்டார்கள், நாம் வைத்துக்கொண்டோம். 1971இல் சட்ட ஆணையம் இப்பிரிவை நீக்கப் பரிந்துரைத்தது. 1994 ஏப்ரலில் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 309 அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. 1996 மார்ச்சில் கியான் கவுர் வழக்கில் அதே நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. ஆக, என் அக்காள் மகள் ஆகஸ்ட்டில் கட்டிலில் கிடந்தபோது, செத்துப்போன சட்டம் ஐந்து மாதத்துக்கு முன்புதான் உயிர்பெற்று எழுந்து நின்றிருந்தது. அவள் சாக விரும்பினாளா இல்லையா என்பதை யாரும் கேட்கவில்லை. அந்த ஏட்டுக்கு அது தேவைப்படவும் இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவின் வழியாக, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்று சொன்னது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியர் தன் கடமையைச் செய்யவிடாமல் நெருக்கும் நோக்கில் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக நிற்கிறது. கட்டிலருகிலிருந்து காவலரை எழுப்பி அனுப்ப நமக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. ஆனால் காலியான அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருகிறார், என்ன கேட்கிறார் என்பது தனிக் கேள்வி. இங்கிலாந்து அதை அறுபதுகளிலேயே சந்தித்தது.

3

1961இல் சட்டம் மாறிய கையோடு பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: தற்கொலைக்கு முயன்று வருபவர்கள் மனநலப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். 1968இல் ஹில் குழு அறிக்கை இதையே இன்னும் அழுத்திச் சொன்னது: தனக்குத்தானே நஞ்சூட்டிக்கொண்டு வருபவர் எல்லோரையும், உடல்ரீதியாக ஆபத்து சிறியதோ பெரியதோ, மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும். இன்று ‘உளசமூக மதிப்பீடு’ என்று வழங்கும் நடைமுறையின் பிறப்பிடம் இதுதான். காவலரின் நாற்காலியில் மனநல மருத்துவர் வந்து உட்கார்ந்தார்.

இந்த இடமாற்றத்துக்கு அறிவார்ந்த அடிப்படை தந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எர்வின் ஸ்டெங்கல். வியன்னாவிலிருந்து 1938இல் நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர். 1958இல் நான்சி குக்குடன் சேர்ந்து எழுதிய நூலில் அவர் ஒரு புதிய வாதத்தை வைத்தார். தற்கொலை முயற்சி என்பது தோற்றுப்போன தற்கொலை அல்ல. அது வேறொரு செயல், அதற்குள் பிறரை நோக்கிய ஒரு முறையீடு இருக்கிறது. செயலை அதன் முடிவைக் கொண்டு மட்டும் வாசிக்காமல், யாரை நோக்கிச் செய்யப்படுகிறது என்பதையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார். எடின்பரோவில் நீல் கெஸ்ஸல் 1965இல் இதை மேலும் கொண்டுசென்றார். நஞ்சூட்டிக்கொண்டவர்களுக்கென்றே அங்கே அரச மருத்துவமனையில் ஒரு வார்டு இருந்தது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் தற்கொலை முயற்சி இங்கிலாந்தில்போலக் குற்றமாக இருந்ததுமில்லை. அந்த வார்டில் அவர் கண்டது, இவர்களில் கணிசமானோருக்கு மனநோய் என்று பெயரிடத்தக்க எதுவும் இல்லை, தாங்கவொண்ணாத் துயரம்தான் இருந்தது என்பது. தற்கொலை முயற்சி என்ற சொல்லே தவறு என்றார். 1969இல் அதே எடின்பரோவில் நார்மன் க்ரெய்ட்மனும் தோழர்களும் ‘பாராசூசைட்’ என்ற சொல்லைப் புனைந்தார்கள்.

சொற்கள் மாறுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘முறையீடு’ என்று ஸ்டெங்கல் சொன்னதில், கேட்பவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது: முறையிட்டால் செவிசாய்க்க வேண்டும். ஆனால் இச்சொல் வார்டுகளின் நடைமுறைக்குள் இறங்கியபோது ‘கவனத்தை ஈர்க்கும் தந்திரம்’ ஆகிப்போனது. "சும்மா பயமுறுத்துறா சார்" என்று நம்ம ஊரில் சொல்கிறோமே, அது. துயரத்தைத் தொடர்புகொள்ளும் முயற்சியாகப் பார்த்த ஒரு சொல்லாடல், தொடர்புகொள்ள முயன்றதையே குற்றமாக்கும் சொல்லாடலாகத் திரும்பிவிட்டது. காவலர் வெளியே போன வாசல் வழியாகவே விசாரணை உள்ளே வந்துவிட்டது எனலாம்.

4

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னொரு பிம்பம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கார்ல் மென்னிங்கர் 1938இல் வெளியிட்ட நூலில், தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை ஓர் உறுப்பில் குவிந்த தற்கொலை என விளக்கினார். முழுச் சாவைத் தவிர்க்க மனம் தரும் ஒரு பகுதிப் பலி. அறுபதுகளில் தனியார் மனநல மருத்துவமனைகளின் ஆய்வாளர்கள் கையைக் கீறிக்கொள்பவரின் ‘நோய்க்குறித் தொகுதி’ ஒன்றை வரைந்தார்கள். 1967இல் கிராஃபும் மாலினும் எழுதிய கட்டுரையின் மாதிரி நோயாளி, அழகும் அறிவும் கூடிய திருமணமாகாத இளம்பெண். செலவு செய்யக்கூடிய குடும்பத்துப் பெண்கள் சேர்க்கப்பட்டிருந்த மருத்துவமனையில் இருந்துகொண்டு பார்த்தால் வேறு யார் கண்ணில் படுவார்கள்? சிறைகளில், சீர்திருத்தப் பள்ளிகளில், ராணுவ முகாம்களில் தன்னைக் காயப்படுத்திக்கொண்ட ஆண்கள் இந்தச் சித்திரத்துக்குள் வரவேயில்லை. ஏழைகள் வரவில்லை. கறுப்பின மக்கள் வரவில்லை. ஒரு வார்டின் பார்வை, ஒரு நோயின் இயல்பாக அச்சேறிவிட்டது. பையன்கள் செய்துகொள்ளும்போது "கோபக்காரன்" என்றும், பெண்கள் செய்துகொள்ளும்போது "காதல் தோல்வி" என்றும் இன்றும் நாம் வாசிக்கும் பழக்கம் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

1961இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த அத்தகைய மருத்துவமனை ஒன்றில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சேர்க்கப்பட்டாள். தன்னைக் கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டிருந்தாள். ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதினார்கள். தனிமை அறையில் பூட்டினார்கள்; மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாண்டுக்கு மேல் அங்கே கிடந்தாள். அவள் பெயர் மார்ஷா லினெஹன். பிறகு உளவியலாளராகி, தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களுக்கான ஒரு சிகிச்சை முறையை உருவாக்கி, 1991இல் அதன் முதல் சோதனை முடிவையும் 1993இல் அதன் கையேட்டையும் வெளியிட்டார். தன் கதையைப் பொதுவில் சொன்னது 2011இல், அதே மருத்துவமனையில் வைத்து. அரை நூற்றாண்டு மௌனம்.

1961 என்ற ஆண்டைச் சற்று நின்று பார்க்கலாம். ஃபூக்கோவின் பைத்தியத்தின் வரலாறு, எர்விங் காஃப்மனின் ‘அசைலம்ஸ்’, தாமஸ் சாஸின் ‘மனநோய் என்னும் தொன்மம்’ மூன்றும் வெளியான ஆண்டு அது. அந்த மூன்று நூல்களும் குற்றஞ்சாட்டிய அறைக்குள் லினெஹன் பூட்டப்பட்டிருந்தார். அவை சொன்னது சரி. ஆனால் அறைக்குள் இருந்தவர் கேட்டது இன்னொன்றும் சேர்த்து: பூட்டைத் திறந்தால் போதாது, நான் வாழ எனக்கு வழி தெரிய வேண்டும்.

5

மருத்துவத்தின் வாயை அடைத்து, சிகிச்சைக்கு உட்பட்டவர்கள் தாங்களே பேசியது எண்பதுகளின் இறுதியில்தான். இங்கிலாந்தில் ‘சர்வைவர்ஸ் ஸ்பீக் அவுட்’ என்ற அமைப்பு 1989இல் தற்காயம் பற்றி ஒரு மாநாடு நடத்தியது. 1994இல் லூயிஸ் பெம்ப்ரோக் தொகுத்து அதே அமைப்பு வெளியிட்ட நூலில், தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் தம் அனுபவங்களைத் தாமே எழுதினார்கள். ‘வேண்டுமென்றே செய்த தற்காயம்’ என்ற மருத்துவத் தொடரில் இருந்த ‘வேண்டுமென்றே’ என்பதன்மீது அவர்கள் கை வைத்தார்கள். அந்த அடைமொழிக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்றார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் ஆவணங்கள் அதைக் கைவிட்டு வெறும் ‘தற்காயம்’ என்று எழுதத் தொடங்கின.

2004இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமான ‘நைஸ்’ தற்காயம் குறித்த தன் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. மற்ற எந்த நோயாளிக்கும் தரும் அதே அக்கறை, மரியாதை, அந்தரங்கம் இவர்களுக்கும் தரப்பட வேண்டும் என்றது. தையல் போடும்போது மரத்துப்போகும் மருந்தும் வலிநீக்கியும் தரப்பட வேண்டும் என்று தனியாகவே எழுதியிருந்தது. இதை வாசித்தபோது எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. ஒரு வழிகாட்டுதல் இதை எழுத்தில் சொல்ல நேர்கிறது என்றால், எழுதாத இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? "வலி தெரிஞ்சாத்தான் மறுபடி செய்யமாட்டா" என்று 1996இல் நான் கேட்டது ஒரு தனி மனிதரின் கொடூரம் அல்ல. ஊர், நாடு தாண்டி நிலவிய ஒரு மருத்துவ அறவியல் அது. தண்டனை சட்டப் புத்தகத்திலிருந்து ஊசிநூலுக்கு இடம்பெயர்ந்திருந்தது.

விசாரணைக்கு இன்னொரு நவீன வடிவமும் உண்டு: மதிப்பெண். இத்தனை கேள்வி, இத்தனை புள்ளி, கூட்டினால் ‘உயர் ஆபத்து’ அல்லது ‘குறை ஆபத்து’. உயர் ஆபத்துக்குப் படுக்கை, குறை ஆபத்துக்கு வீடு. இவ்வகை அளவுகோல்கள் பல பத்தாண்டுகள் கோலோச்சின. ஆனால் அவை முன்னுரைப்பதில் தோற்றன. மரணம் என்பது, நல்லவேளையாக, எண்ணிக்கையில் அரிதாகவே நிகழ்கிறது. ஆகவே உயர் ஆபத்து என்று முத்திரை குத்தப்படுபவரில் மிகப் பெரும்பாலோர் இறப்பதில்லை. குறை ஆபத்து என்று அனுப்பப்படுபவர் தொகை பெரிது என்பதால், இறப்பவரில் பலர் அந்தக் கூட்டத்திலிருந்தே வருகிறார்கள். 2022 செப்டம்பரில் நைஸ் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டது: எதிர்காலத் தற்கொலையையோ மீண்டும் காயப்படுத்திக்கொள்வதையோ கணிக்க அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று முடிவெடுக்கவும் பயன்படுத்தாதீர்கள். ஆபத்தை எண்ணாதே, தேவையைக் கேள் என்பது இதன் சாரம். விசாரணையிலிருந்து விசாரிப்புக்கு ஓர் அரசு ஆவணமே நகர்ந்திருக்கிறது.

6

இங்கே ஒரு சுயவிமர்சனம் அவசியம். தொண்ணூறுகளில் இத்தகைய பக்கங்களில் எழுதிய நாங்கள் மனமருத்துவத்தை முழுக்க முழுக்க அதிகார நிறுவனமாகவே வாசித்தோம். கேள்வி கேட்பதே ஆதிக்கம், ஒப்புதல் வாக்குமூலம் வாங்கும் தொழில்நுட்பம் என்றோம். அந்த வாசிப்பில் உண்மை இருந்தது. மேலே சொன்ன வரலாறே அதற்குச் சாட்சி. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் கிடைக்கும் அரசியல் என்ன? யாரும் எதுவும் கேட்காதிருப்பது. கேட்காதிருப்பதில்தான் நம் குடும்பங்கள் ஏற்கெனவே கைதேர்ந்தவை ஆயிற்றே! என் அக்கா அடுத்த நாள் முதல் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கேட்டா ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிடும்டா" என்றாள். அதிகாரத்தை மறுத்த நானும், மானத்துக்கு அஞ்சிய அக்காவும், வெவ்வேறு காரணங்களுக்காக, ஒரே மௌனத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தோம்.

அக்காவின் அச்சம் உலகெங்கும் உள்ளதுதான். 2005இல் மேடலின் கூல்டும் சகாக்களும் நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில் 2342 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கப்பட்ட மாணவர்கள், கேட்கப்படாதவர்களைவிடக் கூடுதலாகக் கலங்கவில்லை. அவர்களுக்கு அவ்வெண்ணம் கூடவும் இல்லை. கேட்பது விதைப்பது ஆகாது.

ஃபூக்கோவைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். டிதியே எரிபோன் 1989இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில், 1948இல் பாரிஸில் மாணவராயிருந்தபோது ஃபூக்கோ தற்கொலைக்கு முயன்றதையும், மருத்துவரான அப்பா அவரைச் செயிண்ட்-ஆன் மருத்துவமனையின் ழான் டிலேயிடம் அழைத்துப் போனதையும் எழுதுகிறார். மனமருத்துவத்தின் மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்தவர் அவர். 1996இல் இதை நான் அறிந்தேயிருந்தேன், ஒரு துணுக்குச் செய்தியாக. அவருடைய நூல்களைக் கேள்வி கேட்பதற்கு எதிரான வாதமாக வாசித்தேனே தவிர, மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்த ஒரு கேள்வியாக வாசிக்கவில்லை: என்னிடம் பேசுகிறீர்களா, என்னைப் பற்றிப் பேசுகிறீர்களா?

7

சரி, விசாரிப்பு என்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? நல்ல மதிப்பீட்டில் இளைஞரைத் தனியாகப் பார்த்துப் பேசுகிறார்கள், பிறகு குடும்பத்தோடும். எது ரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்தென்றால் எதை மறைக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அன்று என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன, செய்தபின் என்ன மாறியது என்று கேட்கிறார்கள். ஏனெனில் தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர் எல்லோரும் சாக விரும்புபவர் அல்லர். பலருக்கு அது தாங்க முடியாத உணர்வைத் தணிக்கக் கிடைத்த ஒரே வழியாக இருக்கிறது. ஆனாலும் பின்னாளில் தற்கொலைக்கான சாத்தியம் அவர்களிடம் கூடுதல் என்பதால், அந்தக் கேள்வியையும் நேராகவே கேட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஆபத்தானவை கைக்கெட்டாமல் இருக்கின்றனவா, அடுத்த முறை மனம் அந்த இடத்துக்குப் போனால் யாரிடம் சொல்வாய் என்பதைச் சேர்ந்து எழுதிக்கொள்கிறார்கள்.

இந்தப் பேச்சே சிகிச்சையாக முடியுமா என்று லண்டனில் டென்னிஸ் ஒக்ரினும் குழுவினரும் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். வழக்கமான மதிப்பீட்டோடு, சிக்கல் எப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதை இளைஞரோடு சேர்ந்து ஒரு படமாக வரைந்து, வெளியேறும் வழிகளைத் தேடும் அரைமணி நேரத்தைக் கூட்டினார்கள். எழுபது பேர். அவ்வாறு பேசப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் அடுத்த சந்திப்புக்கு வந்தார்கள். வழக்கமான முறையில் 49 சதவீதம். ஆனால் இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, மீண்டும் காயப்படுத்திக்கொண்டவர் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. வாசல் திறந்தது, உள்ளே இருப்பதும் நல்லதாக இருக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

உள்ளே என்ன இருக்கிறது? லினெஹனின் முறைக்கு ‘இயங்கியல் நடத்தைச் சிகிச்சை’ என்று பெயர். இயங்கியல் என்றதும் ஹெகலையும் மார்க்ஸையும் தேடும் வாசகர்கள் முழுக்க ஏமாற வேண்டியதில்லை. நீ இருக்கிறபடியே உன்னை ஏற்கிறேன், நீ மாறத்தான் வேண்டும் என்ற இரு முரண்களையும் விடாமல் பிடித்துக்கொள்வதே அதன் அடிநாதம். ஒவ்வொரு காயத்துக்கும் முன்னும் பின்னும் கோத்த சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். துயரத்தைத் தாங்கவும், உணர்வை வசப்படுத்தவும், வேண்டியதைக் கேட்கவும் திறன்கள் பழக்குகிறார்கள். இளையோருக்கான வடிவத்தில் பெற்றோரும் உட்கார்ந்து அவற்றைக் கற்கிறார்கள். 2018இல் அமெரிக்காவில் 173 இளையோரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதச் சிகிச்சையின் முடிவில் தற்கொலை முயற்சியும் தற்காயமும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்தன. ஓராண்டில் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு தேய்ந்துவிட்டது. அதே ஆண்டு இங்கிலாந்தில் 832 இளையோரிடம் நடந்த குடும்பச் சிகிச்சைச் சோதனை, மீண்டும் மருத்துவமனைக்கு வருவதை வழக்கமான பராமரிப்பைவிடக் குறைக்கவில்லை. மந்திரக்கோல் எதுவும் இல்லை. தொடர்ந்து உடனிருக்கும் உழைப்பு இருக்கிறது.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் சமாச்சாரம் என்று சொல்லத் தோன்றும். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரிடையே தற்கொலை விகிதம் லட்சத்துக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58 என்று 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. எடின்பரோவில் பிழைத்து எழுந்து பேசக்கூடிய ஒரு பெண், இங்கே கிராமத்தில் கைக்கெட்டிய பொருளின் கொடுமையால் பேச வாய்ப்பின்றியே போய்விடுகிறாள். முயற்சி வேறு, தற்கொலை வேறு என்ற ஸ்டெங்கலின் கோடு இங்கே அழிந்துவிடுகிறது. ஆகவே நமக்கு விசாரிப்பு ஒரு ஆடம்பரம் அல்ல.

அதற்கு ஆதாரமும் நம் பக்கத்திலிருந்தே வந்தது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1867 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2008இல் வெளியிட்டது. சிகிச்சை மிக எளிது. வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரிலோ, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது. அவ்வளவுதான். வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் அக்காலத்தில் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஒன்பது விசாரிப்புகள்!

8

சட்டம் போய்விட்டது. ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஆனால் மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வந்துசேரும் ஒரு பெண்ணின் அருகே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச ஆள் நியமிப்பதும், ஒன்பது முறை அவளைத் தேடிக் கேட்பதும் இன்னும் யாரோ ஒருவருடைய நல்ல மனத்தைப் பொறுத்ததாகவே இருந்தால், 115ஆம் பிரிவு சொல்லும் கடமை தாளோடு நின்றுவிடும். நாம் கேட்க வேண்டிய கோரிக்கை இது. மனமருத்துவத்தை நிராகரிப்பதல்ல, அதை விசாரிக்கச் சொல்லிக் கேட்பது.

அக்காள் மகளிடம் போன மாதம் கேட்டேன். இருபத்தொன்பது வருடம் கழித்துத்தான் எனக்குக் கேட்க வந்தது. அந்த ராத்திரியில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்றேன். ஏட்டை ஞாபகமில்லை என்றாள். தையல் போட்டவரின் முகமும் ஞாபகமில்லையாம்.

"விடியக்காலம் ஒரு ஹவுஸ் சர்ஜன் வந்தாங்க மாமா. சின்னப் பொண்ணு, என்னைவிட அஞ்சாறு வயசு கூட இருக்கும். கட்டு பாக்க வந்தவங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. ‘வலிக்குதா?’ன்னு கேட்டாங்க. நான் அழுதுட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் என்னென்னமோ சொன்னேன். ரெண்டு வருஷத்துல நான் பேசினது அன்னைக்குத்தான்."

பிறகு என்ன ஆயிற்று என்றேன். தன் பெயரையும் வெளிநோயாளர் பிரிவில் தான் இருக்கும் நாட்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாராம். எங்களிடம் ஏதேதோ பொய் சொல்லிவிட்டு அவள் நான்கு முறை போய்வந்திருக்கிறாள். எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.